கிழக்கில் சீகம், மேற்கில் பால்

1969 அக்டோபர் 3-ம் தேதி, ஜெர்மனி கிழக்கு, மேற்கு என இரண்டு நாடுகளாக இருந்தபோது, கிழக்கு பெர்லினில் புதிய தொலைக்காட்சிக் கோபுரத்தைத் திறந்தார்கள். அன்றைக்கே இரண்டாவது சேனலும், கூடவே வண்ண ஒளிபரப்பும் தொடங்கின. வாங்குவதற்கு 'கலர் 20' என்ற பெட்டி இருந்தது. ஸ்டாஸ்ஃபுர்ட் நகரத்து அரசு ஆலையின் தயாரிப்பு, விலை 3,700 மார்க். அன்றைய சராசரிச் சம்பளக்காரருக்கு அது ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம்.

அவ்வளவு கொட்டிக்கொடுத்து வாங்கியவர் மேற்கு ஜெர்மனி சேனலைத் திருப்பினால் படம் வரும், சத்தம் வரும், வண்ணம் மட்டும் வராது. பக்கத்து வீட்டுப் பழைய பெட்டியில் தெரியும் அதே கறுப்பு வெள்ளைதான். பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. வண்ணத்தை அலையில் ஏற்றி அனுப்ப வேறுவேறு முறைகள் உண்டு. மேற்கே பேசியது 'பால்' மொழி, பெட்டிக்குத் தெரிந்தது 'சீகம்' மட்டும். (காலையில் பாக்கெட்டில் வரும் பால் இல்லை. இந்தியா 1982-ல் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டதும் இதே பால் முறைதான்.)

எந்த முறையானாலும் அடிப்படை ஒன்று. ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகக் கூடாது. அதனால் வெளிச்சத்தை எப்போதும்போல அனுப்புவார்கள். சிவப்பிலிருந்து வெளிச்சத்தைக் கழித்தது ஒன்று, நீலத்திலிருந்து கழித்தது ஒன்று, இந்த இரண்டையும் ஒரு துணை அலையில் ஏற்றி உள்ளே செருகிவிடுவார்கள். பச்சையைத் தனியாக அனுப்பத் தேவையில்லை, இந்த மூன்றையும் வைத்துப் பெட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இரண்டையும் எப்படி ஏற்றுவது என்பதில்தான் சண்டை. அமெரிக்க முறையில் நிறம் துணை அலையின் கட்டத்தில், அதாவது அலை எந்த நொடியில் ஏறி இறங்குகிறது என்பதில் இருக்கும். வழியில் கட்டம் கொஞ்சம் பிசகினால் செய்தி வாசிப்பவரின் முகம் பச்சையாகிவிடும். படம் திரையில் வரிவரியாகத்தான் வரையப்படும். மேற்கு ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனப் பொறியாளர் வால்டர் புரூக் அந்த இரண்டில் ஒன்றை வரிக்கு வரி தலைகீழாக்கினார், பிழை தன்னைத்தானே அடித்துக்கொள்ளட்டும் என்று. அதுதான் பால். பிரான்ஸின் ஹென்றி டி ஃப்ரான்ஸ் வேறு வழி பிடித்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் ஏன் அனுப்ப வேண்டும்? ஒரு வரியில் சிவப்பு, அடுத்த வரியில் நீலம், அதுவும் பண்பலையில். இது சீகம்.

சரி, நீலம் வரும்போது சிவப்பு எங்கே இருக்கும்? போன வரியில் வந்ததைப் பெட்டி எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரு வரியின் நீளம் 64 மைக்ரோவினாடி. அந்த நேரத்தில் ஒளி 19 கிலோமீட்டர் ஓடிவிடும். மின்குறிப்பைக் கம்பியில் ஓடவிட்டுத் தாமதப்படுத்தினால் கிலோமீட்டர் கணக்கில் கம்பி வேண்டும். அதனால் மின்குறிப்பை அதிர்வாக மாற்றி ஒரு கண்ணாடித் துண்டுக்குள் விடுகிறார்கள். கண்ணாடியில் அந்த அதிர்வு 17 சென்டிமீட்டர் கடக்கவே அத்தனை நேரம் ஆகிவிடும். சுவர்களில் முட்டித் திரும்பும்படி செய்துவிட்டால் உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டே போதும். மறுமுனையில் அது மறுபடி மின்குறிப்பாகும். எனக்கு அந்தப் பெட்டியிலேயே மிக அழகான பாகம் இதுதான்.

சோவியத் ஒன்றியம் 1965 மார்ச்சில் பிரான்ஸோடு ஒப்பந்தம் போட்டு சீகத்தை எடுத்துக்கொண்டது, 1967-ல் மாஸ்கோவில் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. கிழக்கு ஜெர்மனியும் அதே வழியில் போனது. மேற்கைப் பார்க்கவிடாமல் செய்யத்தான் இது என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. படத்துக்கும் ஒலிக்கும் உள்ள அலைவரிசை இடைவெளியைக் கிழக்கு ஜெர்மனி மேற்கைப் போலவே 5.5 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தது. தடுப்பதுதான் நோக்கம் என்றால் அதை மாற்றியிருந்தாலே சத்தம் போயிருக்கும்.

கலர் 20 பால் குறிப்பைக் கண்டால் குழம்பாது. சீகத்தின் அடையாளக் குறிப்பு வரவில்லை என்றதும் வண்ணப் பகுதியைத் தானே அணைத்துக்கொள்ளும். இதற்கு மக்கள் கண்ட வழி ஒரு கூடுதல் சர்க்யூட் போர்டு. பாலின் கட்டத்தை அளக்க ஒப்பிட்டுப் பார்க்கும் அலை ஒன்று வேண்டும், அதற்கு 4.43 மெகாஹெர்ட்ஸ் படிகம். ரேடியோ மெக்கானிக்குகளும் கைவேலை தெரிந்தவர்களும் பற்றவைத்துக் கொடுத்தார்கள். கிழக்கு ஜெர்மனி நகரமான டிரெஸ்டனில் இந்தத் தொல்லையே இல்லை. அந்தப் பள்ளத்தாக்குக்கு மேற்கின் அலை எட்டாததால் அதற்கு 'ஒன்றும் அறியாதோர் பள்ளத்தாக்கு' என்றே பெயர். பிறகு ஆலையே இரண்டு முறைக்கும் பொதுவான பெட்டிகளைச் செய்ய ஆரம்பித்தது.

ஜெர்மனி இணைந்த பிறகு, 1990 டிசம்பரில், கிழக்கின் ஒளிபரப்பும் பாலுக்கு மாறியது. போர்டு சேர்க்காத கலர் 20 எங்காவது ஒரு வீட்டில் மிச்சமிருந்திருந்தால், அன்று முதல் சொந்த ஊர்ச் சேனலையும் அது கறுப்பு வெள்ளையில்தான் காட்டியிருக்கும்.