கேஸ் மாத்திரை, வயிற்றுக் கிருமி, எலும்பு

லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்து வருபவர்களிடம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வரிசையாகச் சொல்வார்கள். காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை மட்டும் கணக்கில் வராது. துருவிக் கேட்டால், "அது சும்மா நெஞ்செரிச்சலுக்கு டாக்டர், வருஷக்கணக்கா போடறேன்" என்பார்கள். எரிச்சல் எதனால் என்று சோதித்துப் பார்த்ததுண்டா என்றால், பெரும்பாலும் இல்லை.

அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கலாம். அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி உள்ள பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. சிலருக்குத்தான் அல்சர், அரிதாக வயிற்றுப் புற்றுநோய்.

சரி, எலும்பு எங்கே வருகிறது? தொற்று பல ஆண்டுகள் நீடித்தால் இரைப்பையின் உட்சுவர் மெலிந்து அமிலச் சுரப்பு குறையலாம். பல கால்சியம் மாத்திரைகளில் இருக்கும் கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். பி12 சத்து உடலில் சேர்வதும் குறையலாம். நாள்பட்ட அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருட்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டக்கூடியவை. இதெல்லாம் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை: சிலவற்றில் தொற்று உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவு, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. வயதும் புகைப்பழக்கமும் கணக்கைக் குழப்புகின்றன. கிருமி எலும்பைத் தின்கிறது என்று வரும் ஃபார்வர்டு செய்திகளை நம்பிப் பதற வேண்டாம்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்த மாத்திரைதான். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மருந்துகளை அதிக அளவிலோ ஓராண்டுக்கு மேலோ எடுப்பவர்களுக்கு இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவு கூடுதலாக இருக்கலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் எச்சரித்தது. இதுவும் நிரூபணம் அல்ல, தொடர்புதான். அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து படுத்தும். ரத்தத்தை இளக்கும் மருந்து எடுக்கும் சிலருக்குக் கேஸ் மாத்திரை அவசியமும்கூட.

கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ தெரிந்துகொள்ளலாம். அதற்கு முன் கேஸ் மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் மருத்துவர் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும். சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். வாய் கசக்கிறது என்று பாதியில் விடுபவர்கள் ஏராளம். அப்புறம் அதே மருந்துக்குக் கிருமி மசியாது. முடித்து 4 வாரமாவது கழித்து மறுபடி சோதித்தால்தான் கிருமி போனது உறுதி.

மாதவிடாய் நின்றவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். கேஸ் மாத்திரையை விட முடியாதவர்களுக்கு, கரைய அமிலம் தேவைப்படாத கால்சியம் சிட்ரேட் மாத்திரை பொருந்தும். கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போடுங்கள். எலும்புக்கான அலென்ட்ரோனேட் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்கக் கூடாது. நெஞ்செரிச்சலோ விழுங்குவதில் சிரமமோ இருந்தால் சீட்டு எழுதும்போதே சொல்லுங்கள், ஊசியாகவும் மருந்து உண்டு.