விசில் வராத குக்கர், சத்தம் குறைந்த இதயம்

ஹார்ட்டில் பிளாக் என்று யாராவது சொன்னால் முதலில் எந்த பிளாக் என்று கேளுங்கள். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருந்தால் அது ஒன்று, இதயத்துக்குள் ஓடும் மின் தூண்டல் தடைபட்டால் அது வேறு, நான் சொல்ல வந்தது மூன்றாவது: வால்வு சுருங்கிப்போவது. பேர் ஒன்றாகிவிட்டதால், ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோவை நம்பி, ‘ஆஞ்சியோல பிளாக் இல்லைன்னு சொல்லிட்டாங்களே’ என்று வால்வுக்காரர்கள் நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எழுபதைத் தாண்டிய ஒருவர் மனைவியோடு வந்தார். மூச்சு வாங்குகிறதா? இல்லை. நெஞ்சுவலி? இல்லை. மயக்கம்? ஒரே ஒரு தடவை, படியேறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, அதுவும் சாப்பிடாமல் இருந்ததால்தானாம். அதுவரை பேசாமல் இருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். “மாடிக்குப் போய் ஆறு மாசம் ஆச்சு. காலையில நடக்கிறதையும் விட்டாச்சு. அப்புறம் எப்படி டாக்டர் இவருக்கு மூச்சு வாங்கும்?” நான் வாங்கிய ஃபீஸில் பாதியை அந்த அம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும். எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், அயோர்டிக் வால்வின் (இடது கீழறையிலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) திறப்பு 0.7 சதுர சென்டிமீட்டர்தான் இருந்தது. நல்ல வால்வு 3 முதல் 4 வரை திறக்கும், 1-க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம்.

இத்தனை நாள் தெரியாமல் போனதற்குக் காரணம் இதயமேதான். வழி குறுகக் குறுக இடது கீழறையின் தசை தடித்துக்கொண்டே போய், அதே ரத்தத்தை அதிக அழுத்தத்தில் தள்ளிவிடும். கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தால் 120 காட்டும், அதே நேரத்தில் வால்வுக்குப் பின்னால் கீழறைக்குள் 180-ஐத் தாண்டியிருக்கலாம்.

குக்கரிலும் இதேதான் நடக்கிறது. மூடியில் வெயிட் உட்காரும் குழாயின் துளை, பொங்கிய நுரை காய்ந்து காய்ந்து அடைத்துக்கொள்ளும். விசில் வரவில்லையே என்று நாம் அடுப்பைக் கூட்டுகிறோம்! கேஸ்கெட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தாலும் விசில் வராது, ஆனால் அந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியும். ஆவியும் இல்லை விசிலும் இல்லை என்றால் அடுப்பை அணைத்துவிட்டு, முழுக்க ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். குக்கருக்காவது கடைசிக் காவலாக சேஃப்டி வால்வு இருக்கிறது, இதயத்துக்கு அப்படி எதுவும் வைக்கப்படவில்லை.

கீசர் விஷயத்தில் நானே மாட்டினேன். சேஃப்டி வால்வு சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைத்து வைத்திருந்தேன். பார்த்த பிளம்பர் திட்டினார்: “அது சொட்டணும் சார். சொட்டலைன்னாதான் பயப்படணும்.” 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 80-க்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட 3 சதவீதம் விரியும், 25 லிட்டர் தொட்டியில் அது அரை லிட்டருக்கும் மேல். போக வழி இல்லாவிட்டால் தொட்டிதான் தாங்க வேண்டும்.

அவர் சொன்னதைத்தான் மாணவர்களுக்கு நான் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தேன் (எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்). சுருங்கிய வால்வு வழியே ரத்தம் பீறிடும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கரகரவென்று கேட்கும். போன தடவை பலமாகக் கேட்டது இப்போது மெலிந்திருக்கிறது என்றால் குணமாகிவிட்டது என்று பொருளில்லை. தள்ளித் தள்ளித் தசை ஓய்ந்துபோய், பீறிடுவதற்கே ரத்தம் குறைந்துவிட்டிருக்கலாம். படியில் மூச்சு வாங்குதல், நெஞ்சு இறுக்கம், கண் இருட்டல் என்று ஆரம்பித்த பிறகு வைத்தியம் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வருடம்தான்.

மாத்திரை வால்வைத் திறக்காது, இதைப் பல தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. நெஞ்சைத் திறந்து மாற்றலாம், அல்லது 2002-ல் பிரான்சில் அலன் கிரிபியே முதன்முதலாகச் செய்ததுபோல் தொடை ரத்தக்குழாய் வழியே புது வால்வைக் கொண்டுபோய் விரிக்கலாம். அந்தப் பெரியவருக்கு இரண்டாவதைச் செய்தோம். இப்போது மாடி ஏறுகிறார், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் மனைவியைத்தான் பார்க்கிறார்.

சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) சுருங்குவது தனிக் கதை. பல பெண்களுக்கு அது கர்ப்பத்தில்தான் வெளியே வரும், ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிற நேரம் அது.

உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு ஒன்று. ராத்திரி அமைதியில் அது டிக் டிக் என்று கேட்கும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கே பழகிவிடும். பல் பிடுங்க வேண்டும் என்று ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையைத் தானாகவே நிறுத்திய ஒருவருக்கு, ‘ரெண்டு நாளா அந்தச் சத்தம் கேக்கலைங்க’ என்று வீட்டில் சொல்லித்தான் வால்வில் ரத்தக்கட்டி பிடித்திருப்பது தெரிந்தது. சத்தம் மங்கினாலோ நின்றாலோ அந்த ராத்திரியே அவசர சிகிச்சைக்கு வாருங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.