இடுப்பில் ஜவ்வு விலகுவது எப்படி?

கப்பலூர் தொழிற்பேட்டையில் லோடுமேனாக இருந்த என் சித்தப்பாவுக்கு ஒருநாள் காலை ஷிப்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தூக்கியது 25 கிலோ மூட்டை. "அம்பது கிலோ தூக்குனப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்றார். வாயுப் பிடிப்பு என்று நினைத்து வீட்டில் தைலம் தேய்த்தோம். ஸ்கேனில் ஜவ்வு விலகியிருந்தது.

எடையை மட்டும் பார்த்தால் இது புரியாது. அடிகுழாயை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி நீளமாக இருப்பதால்தான் சின்னப் பிள்ளைகூடத் தண்ணீர் அடிக்கிறது. முதுகில் இது தலைகீழ். குனிந்து தூக்கும்போது மூட்டை முதுகெலும்பிலிருந்து சுமார் 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைக்குக் கிடைக்கும் கைப்பிடியோ வெறும் 5 செ.மீ. அதனால் எட்டு மடங்கு விசை வேண்டும். 25 கிலோவுக்குத் தசை 200 கிலோ இழுக்கிறது. குனிந்த உடம்பின் பாரம் தனி. இத்தனையும் எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வைத்தான் நசுக்குகிறது. மூட்டையை வயிற்றோடு அணைத்து 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் அந்த 200 பாதியாகிவிடும்.

ஜவ்வுக்குள் கூழ், சுற்றிலும் வெங்காயம் போல அடுக்கடுக்காக நார். வலி நரம்புகள் பெரும்பாலும் வெளி அடுக்குகளில்தான் உண்டு. உள்ளடுக்குகள் வருஷக்கணக்கில் கிழிந்துகொண்டே வந்தாலும் ஆளுக்குத் தெரியாது. கடைசியில் வெளி நாரும் விட்டுப்போனால் கூழ் பின்பக்கமாகப் பிதுங்கி நரம்பை அழுத்தும். கால் வரை சுளீரென்று இழுக்கும். சித்தப்பா பழி போட்ட அந்த 25 கிலோவுக்கு முன்னால் எத்தனையோ ஆயிரம் மூட்டைகள் இருந்தன.

காலை ஷிப்டுக்கும் இதில் பங்குண்டு. ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒன்றிரண்டு செ.மீ. உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய ஜவ்வு குனிந்தால் விறைத்துக்கொள்ளும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் ரொம்பக் கவனம் வேண்டும். ஐந்தேகாலுக்கு எழுந்து ஆறு மணிக்கு லாரியில் கை வைப்பவருக்கு அந்த அவகாசம் ஏது?

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் வகுத்த கணக்குப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோதான் வரம்பு. தரையிலிருந்து, 40 செ.மீ. தள்ளி நின்று இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் அதுவே 11 கிலோவுக்கும் கீழே போய்விடும். நம் நாட்டில் 2025 வரை நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 34ஆம் பிரிவும், காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது.

சித்தப்பா படுத்த பிறகு அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் இடுப்பு பெல்ட் கொடுத்தார்கள். பெல்ட் 40 செ.மீ.யைக் குறைக்காது. மூட்டைகளை இடுப்பு உயர மேடையில் இறக்கச் சொல்லி அவர் கேட்டிருந்தார். அவை இன்னும் தரையில்தான் இறங்குகின்றன.