உறுமலில் சிக்காத சுருதி

தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு ‘ஆ’ என்று ஒரே சுருதியில் இழுத்துப் பாருங்கள். பிறகு மெல்லக் கனையுங்கள். முதல் அதிர்வு வழுவழுப்பாக ஓடும். இரண்டாவது கரடுமுரடாக இடறும். உறுமும் குரலோடு கிட்டார் மெட்டுகளைச் சேர்க்கும் கனத்த ராக் இசைவகை மெலடிக் டெத் மெட்டல். அது உறுமலோடு பாட்டையும் சேர்த்துக்கொண்டபோது கண்ட மாற்றத்தைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடே போதும்.

‘ஆ’ பாடும்போது குரல்நாண்கள் வினாடிக்கு 220 முறை திறந்து மூடினால், 220 ஹெர்ட்ஸ் அடிப்படைச் சுரத்துடன் 440, 660, 880 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். அவை சீரான இடைவெளியில் நிற்பதால் காது அவற்றை ஒரே சுரமாகக் கோத்துக்கொள்கிறது. உறுமும்போது, குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல்நாண்களும் சேர்ந்து ஆடுகின்றன. விழுங்கும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காக்க உதவும் தடித்த மடிப்புகள் அவை. அவற்றின் அதிர்வில் ஒழுங்கு குறைவு. மடங்குகளுக்கு இடையே இருந்த வெற்றிடங்களை இரைச்சல் நிரப்பிவிடுகிறது. வாயும் நாக்கும் உயிரெழுத்துக்கு வடிவம் தருவதால் சொல் ஓரளவு புரியும். சுரம் மட்டும் பிடிபடாது.

அதனால்தான் இந்த இசையில் மெட்டைச் சுமக்கும் வேலை கிட்டாருக்குப் போனது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து 1995, 1996 ஆண்டுகளில் அட் தி கேட்ஸ், டார்க் ட்ராங்குவிலிட்டி, இன் ஃப்ளேம்ஸ் குழுக்கள் வெளியிட்ட ஆல்பங்களைக் கேட்டுவிட்டு எதை முணுமுணுக்கிறோம்? கிட்டார் வரிகளைத்தான். குரல் அங்கே ஏறக்குறைய ஒரு தாள வாத்தியம். பாடகர் சுமக்காத மெட்டை இரண்டு கிட்டார்கள் இணைந்து சுமந்த அந்த ஏற்பாட்டைப் போல அழகானதை மெட்டலில் நான் அதிகம் கேட்டதில்லை.

1999-இல் டார்க் ட்ராங்குவிலிட்டியின் ‘ப்ரொஜெக்டர்’ ஆல்பத்தில் மிக்கேல் ஸ்டானே தாழ்ந்த, தெளிந்த குரலில் பாடினார். 2002-இல் இன் ஃப்ளேம்ஸின் ‘ரீரூட் டு ரிமெய்ன்’, சாயில்வொர்க் குழுவின் ‘நேச்சுரல் பார்ன் கேயாஸ்’ இரண்டும் வந்தபோது, உறுமும் சரணம், பாடும் பல்லவி என்ற அமைப்பு வேரூன்றிவிட்டது.

அந்தப் பல்லவிக்கு ஒரு விலை உண்டு. டிஸ்டார்ஷன் என்பது கிட்டாரின் அலை முகடுகளை வெட்டித் தட்டையாக்குவது. வெட்டிய இடத்திலிருந்து ஏராளமான மேற்சுரங்கள் கிளம்பி, குரலின் தெளிவு எங்கே இருக்கிறதோ அங்கேயே, சுமார் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை, அடர்த்தியாகப் பரவுகின்றன. ஒரே அலைவரிசைப் பகுதியில் இரண்டு ஒலிகள் மோதினால் வலுத்தது மெலிந்ததை மறைத்துவிடும். எனவே ஒலிக்கலவை செய்பவர் கிட்டார்களை இடது, வலது ஓரங்களுக்குத் தள்ளி, நடுவைக் குரலுக்கு விடுகிறார். குரலின் அந்த அலைவரிசைப் பகுதியில் கிட்டாரின் ஒலியைச் சற்றுக் குறைக்கிறார். கிட்டாரின் மெட்டு வாழ்ந்த இடமும் அதுவே. ஹெட்போனில் கேளுங்கள்: பல்லவி தொடங்கியதும் பல பாடல்களில் கிட்டார் மெட்டை விட்டுவிட்டு வெறும் கார்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகளை, பிடித்து நிற்கும். எனக்கு வருத்தம் அங்கேதான். குரல் இனிமையாக இருப்பதில் இல்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏற்றும் மெருகும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. பாடகரின் சுருதியைத் திருத்தும், 1997-இல் வெளிவந்த ஆட்டோ-ட்யூன் மென்பொருளை உருவாக்கிய ஆண்டி ஹில்டெப்ராண்ட், அதற்கு முன் எண்ணெய் தேடும் நிறுவனங்களுக்காக நில அதிர்வுத் தரவுகளை ஆராய்ந்தவர். ஓர் அலையை அதன் சற்றே தள்ளிய நகலோடு ஒப்பிட்டு, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அது தன்னையே திரும்பச் சொல்கிறது என்று பார்ப்பதே அந்த மென்பொருளின் அடிப்படை. திரும்பத் திரும்ப வரும் அலை இருந்தால்தான் சுருதியைக் கண்டுபிடித்து நகர்த்த முடியும். உறுமலில் அந்த மீள்வரவு குலைந்திருப்பதால் கருவி தடுமாறுகிறது. நம் காதுக்குப் பிடிபடாத சுருதி அதற்கும் பிடிபடுவதில்லை. தெளிந்த குரலோ உடனே வசப்படும். அதே வரியை இரண்டு, மூன்று முறை பாடிப் பதிந்து அடுக்கினால், நேரத்திலும் சுருதியிலும் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் சேர்ந்து குரலை அகலமாக்கும்.

மேளத்தில் இந்த மெருகு நியாயமாகவே படுகிறது. நிமிடத்துக்கு 200 தாள வேகத்தில் இரு கால்களாலும் மிதித்து அடிக்கும் இரட்டைக் கால் மேளம் ஒவ்வொரு தாளத்திலும் நான்கு அடி அடித்தால், இரண்டு அடிகளுக்கு நடுவே 75 மில்லிவினாடிதான். தாழ்ந்த முழக்கம் அதற்குள் அடங்குவதில்லை. கூர்மையான ‘டிக்’ ஒலியைச் சேர்த்தால்தான் எண்ணிக்கை காதுக்குத் தெளியும்.

ஆனால் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரெஸ்ஸரும், அதற்கு உச்சவரம்பு போடும் லிமிட்டரும் மொத்தப் பாடலையும் உச்சவரம்போடு ஒட்டிவைக்கும்போது சரணமே கூரையைத் தொட்டுவிடுகிறது. பல்லவி எழும்ப இடமில்லை.

இத்தனைக்கும் நடுவே நான் தேடிக் கேட்பது ஒரு மூச்சை. ஒரே தொண்டை உறுமலிலிருந்து பாட்டுக்கு மாற, பொய்க் குரல்நாண்கள் விலகி வழிவிட வேண்டும். அதற்குப் பாடகருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பல்லவிக்கு முந்தைய ஒரு மூச்சிழுப்புதான். மெருகேற்றும்போது பலர் அதை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வெட்டாமல் விட்ட பதிவுகளில், கடைசி உறுமலுக்கும் முதல் சுரத்துக்கும் நடுவே காற்று உள்ளே போகும் ஓசை கேட்கிறது.