அற்றுப்போன பூச்சியை அதன் பழைய இடத்தில் மறுபடி விடலாமா?

இங்கிலாந்தில் பெருநீலப் பட்டாம்பூச்சி அற்றுப்போய்விட்டது என்று 1979இல் அறிவித்தார்கள். பல பத்தாண்டுகள் முயன்றும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அது முட்டையிடும் காட்டுத் தைம் செடி, ஏர் படாத புல்வெளிச் சரிவுகளில் அப்போதும் பூத்துக்கொண்டுதான் இருந்தது. பட்டாம்பூச்சி சேகரிப்பவர்கள் பிடித்துத் தீர்க்கிறார்கள் என்று நினைத்து வேலி போட்டுக்கூடப் பார்த்தார்கள். வேலிக்குள்ளும் அது மறைந்துவிட்டது. ஆனால் இன்று இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் அந்தப் பூச்சி ஆயிரக்கணக்கில் பறக்கிறது.

அரிய பூச்சிகளை அவற்றின் பழைய வாழிடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய கதை இதுதான்.

இந்தப் பட்டாம்பூச்சியின் வாழ்க்கை விசித்திரமானது. தைம் மொட்டில் பொரிந்த புழு முதல் மூன்று வாரம் பூவைத் தின்கிறது. சில மில்லிமீட்டர் வளர்ந்ததும் ஒரு மாலையில் தரையில் விழுந்து அப்படியே காத்திருக்கிறது. அந்த வழியாக வரும் செவ்வெறும்பு அதை உணர்கொம்பால் தட்டிப் பார்க்கிறது. புழு தன் முதுகிலுள்ள சுரப்பியிலிருந்து இனிப்பு நீரைக் கசிய விடுகிறது. எறும்பு கொஞ்ச நேரம் அதை நக்குகிறது. பிறகு புழு உடலை உப்பி வளைத்து எறும்புக் குஞ்சின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. அதன் மேல் வாசனையும் எறும்புக் குஞ்சின் வாசனையைப் போலவே இருக்கும். நம் குஞ்சு எப்படியோ வெளியே வந்து கிடக்கிறது என்று எறும்பு அதைக் கவ்விப் புற்றுக்குள் கொண்டுபோகிறது. உள்ளே போன புழு அடுத்த பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளர்கிறது. அதன் முழு எடையில் பெரும்பகுதி அங்கேதான் ஏறுகிறது. அங்கேயே கூட்டுப்புழுவாகி, கோடையில் பட்டாம்பூச்சியாக வெளியே வருகிறது.

இதெல்லாம் ஓரளவு முன்பே தெரியும். தெரியாமல் இருந்தது எந்த எறும்பு என்பதுதான். 1970களில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர், எஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தின் பக்கத்திலேயே பல கோடைகளைக் கழித்து ஒவ்வொரு முட்டையாக, ஒவ்வொரு புழுவாகக் கணக்கெடுத்தார். செவ்வெறும்பில் பல இனங்கள் உண்டு. எந்த இனமும் புழுவைத் தூக்கிப் போகும். ஆனால் மிர்மிகா சபுலெட்டி என்ற ஒரே ஓர் இனத்தின் புற்றில்தான் புழு போதிய அளவில் பிழைக்கிறது. மற்ற புற்றுகளில் வேஷம் கலைந்து பெரும்பாலும் செத்துப்போகிறது.

சரி, அந்த எறும்புக்கு என்ன ஆனது? அதற்கு வெயில் நேராகப் படும் சூடான மண் வேண்டும். புல் ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்ட மேய்ந்து கிடந்தால் மண் சூடாக இருக்கும். புல் அதைத் தாண்டி வளர்ந்தால் நிழல் விழுந்து, மண்ணின் வெப்பம் 2 முதல் 3 டிகிரி இறங்கிவிடும். உடனே குளிர்ச்சியை விரும்பும் வேறொரு செவ்வெறும்பு வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் கண்ணுக்கு அதே சரிவு, அதே தைம் பூ, அதே சிவப்பு எறும்பு. ஆனால் புழுவுக்கு அது சாவு வீடு. லாபமில்லை என்று அந்தச் சரிவுகளில் மாடு, ஆடு மேய்ப்பதை விட்டிருந்தார்கள். 1950களில் மிக்சோமடோசிஸ் என்ற நோய் வந்து முயல்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புல்லை ஒட்டக் கடிக்க ஆளில்லை. சேகரிப்பாளர்களைத் தடுக்கப் போட்ட வேலி மேய்ச்சலையும் தடுத்தது. காப்பாற்றப் போட்ட வேலியே கெடுத்தது என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

இந்த விடை கிடைத்தபோது உள்ளூர்ப் பூச்சி முடிந்துபோயிருந்தது. அதனால் மேய்ச்சலை மீட்டு, சரியான எறும்பு திரும்பியதை உறுதிசெய்த பிறகு, 1980களில் ஸ்வீடனின் ஓலாண்ட் தீவிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அது நிலைத்தது. பின்னாளில் ராட்பரோ என்ற மேய்ச்சல் வெளியில் செய்த வேலையைப் பாருங்கள்: மாடுகளை எங்கே, எப்போது, எத்தனை விடுவது என்று திட்டமிட்டு, புதரை வெட்டி, எறும்பைக் கணக்கெடுத்து ஐந்து ஆண்டுகள் போயின. அதற்கு அப்புறம்தான் 2019இல் சுமார் 1,100 புழுக்களை விட்டார்கள். மறு கோடையில் ஏறக்குறைய 750 பட்டாம்பூச்சிகள் வெளிவந்தன என்று மதிப்பிட்டார்கள்.

என் கருத்து இங்கேதான் நிற்கிறது. பூச்சியை விடலாமா என்பது இரண்டாவது கேள்வி. அது ஏன் போனது என்று தெரியுமா, அந்தக் காரணம் இன்னும் அங்கே இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்துகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கிலாந்திலேயே உதாரணம் உண்டு. சதுப்புநிலத்தில் வாழ்ந்த பெருஞ்செம்புப் பட்டாம்பூச்சி அங்கே 19ஆம் நூற்றாண்டில் அற்றுப்போனது. அதன் டச்சு உறவை 1927இல் உட்வால்டன் சதுப்பில் விட்டார்கள். சதுப்பு மிகச் சிறியது. எண்ணிக்கை குறையும்போதெல்லாம் வளர்ப்பிலிருந்து புதிதாகக் கொண்டுவந்து விட்டு, பல பத்தாண்டுகள் தாங்கிப் பிடித்தார்கள். தாங்கிய கையை எடுத்ததும் அது முடிந்துபோனது.

கொஞ்சம் காத்திருந்தால் பூச்சி தானாக வந்துவிடாதா என்று கேட்கலாம். நன்றாகப் பறக்கும் தட்டான் போன்றவை வந்துவிடும். அவற்றுக்குக் குளத்தைச் சரிசெய்து கொடுத்தால் போதும். ஆனால் அரிய பூச்சிகளில் பல, பிறந்த புல்வெளியை விட்டு ஓரிரு கிலோமீட்டர்கூடப் போகாதவை. நடுவில் சாலையும் வயலும் வந்துவிட்ட பிறகு, பக்கத்து மலையில் அதே பூச்சி இருந்தாலும் அது இங்கே வந்து சேராது. அவற்றை நாம்தான் தூக்கிக் கொண்டுபோக வேண்டும்.

அப்படித் தூக்கும்போது, கொடுக்கும் இடம் வற்றிப்போகாதா? பூச்சிகளின் கணக்கு இங்கே நமக்குச் சாதகமானது. ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் இனத்தில், எண்ணிக்கை நிலையாக இருக்கிறதென்றால், சராசரியாக இரண்டே குஞ்சுகள் பிழைத்துப் பெற்றோர் ஆகின்றன என்றுதான் பொருள். மீதி எல்லாம் குளவிக்கும் பறவைக்கும் மழைக்கும் போகும். எப்படியும் சாகவிருந்த முட்டைகளில் சிலவற்றை எடுத்துப் பாதுகாப்பாக வளர்த்தால், தாய்க்கூட்டத்துக்குப் பெரிய இழப்பில்லை. யானையிலோ புலியிலோ இது நடக்காது.

எண்ணிக்கை மட்டும் போதாது, கலப்பும் வேண்டும். தேனீக்களில் இது உயிர்ப்பிரச்சினை. தேனீயின் பாலினத்தை ஒரு மரபணு தீர்மானிக்கிறது. கருவுறாத முட்டை ஆணாகும். கருவுற்ற முட்டையில் அந்த மரபணுவின் இரண்டு வெவ்வேறு வடிவங்கள் இருந்தால் பெண்ணாகும். இரண்டும் ஒரே வடிவமாக அமைந்துவிட்டால், பெண்ணாக வேண்டியது உதவாத ஆணாகிவிடும். ராணி தன் நெருங்கிய உறவோடு சேர்ந்து இருவரிடமும் ஒரே வடிவம் இருந்தால், கருவுற்ற முட்டைகளில் பாதி வேலைக்காரத் தேனீ ஆகாமல் இப்படி வீணாகும். ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணும் அளவே வேலைக்காரிகள் உள்ள கூட்டில் பாதியை இழந்தால், அந்தக் கூடு தேறாது.

உடல் பருத்து, சிறு கூடுகளில் வாழும் குட்டைமுடி பம்பிள் தேனீயின் விஷயத்தில் இந்தக் கவலை நேராக வந்தது. இங்கிலாந்தில் அது கடைசியாகத் தென்பட்டது 1988இல், டஞ்சனஸ் கடற்கரையில். ஆனால் சிவப்புக் குளோவர் என்ற தீவனப் பயிருக்கு மகரந்தம் சேர்க்க 1885இல் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்கு அனுப்பிய பம்பிள் தேனீக்களில் இதுவும் ஒன்று. அங்கே அதன் சந்ததி இன்னும் இருக்கிறது. போனதே திரும்பி வருகிறது என்று எல்லாருக்கும் ஆசை. ஆனால் மிகச் சில தாய்களிலிருந்து பெருகிய கூட்டம் அது, மரபணு வேறுபாடு மிகக் குறைவு. வளர்ப்பு முயற்சியும் தேறவில்லை. கடைசியில் ஸ்வீடனிலிருந்து ராணிகளைப் பிடித்து, தனியே வைத்து நோய் சோதித்து, 2012இல் 51 ராணிகளை டஞ்சனஸில் விட்டார்கள். அடுத்த ஆண்டு வேலைக்காரத் தேனீக்கள் தென்பட்டன. பல ஆண்டுகள் தொடர்ந்து விட்டும் அது நிலைபெறவில்லை. ஆனாலும் அந்த வட்டார விவசாயிகள் அதற்காகப் பூக்கள் விட்டு வளர்த்த நிலங்களில், காணாமல் போயிருந்த வேறு அரிய பம்பிள் தேனீக்கள் திரும்பி வந்தன. இதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த நோய்ச் சோதனையை வீண் சடங்கு என்று நினைப்பவர்கள் பின்லாந்தின் சொட்டுங்கா தீவைப் பார்க்க வேண்டும். 1991இல் ஆய்வுக்காக அங்கே கிளான்வில் ஃபிரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சியின் புழுக்களை விட்டார்கள். சில புழுக்களுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு இருந்தது. அந்தக் குளவிக் குஞ்சுகள் சிலவற்றுக்குள், அதைத் தின்னும் இன்னொரு குளவி. முதல் குளவியின் உடலில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. ஒன்றைக் கொண்டுபோனதாக நினைத்தவர்கள் நான்கைக் கொண்டுபோயிருந்தார்கள். பட்டாம்பூச்சி அந்தத் தீவோடு நின்றது. முதல் குளவி மற்ற தீவுகளுக்கும் பரவியது.

போன பூச்சியே இல்லாமல், அதன் உறவை விடுவது இன்னும் சிக்கலான விஷயம். சான்பிரான்சிஸ்கோவின் மணல்மேடுகளில் வாழ்ந்த செர்சஸ் நீலம் என்ற பட்டாம்பூச்சி 1940களின் தொடக்கத்தோடு உலகிலிருந்தே மறைந்தது. 2024இல் அங்கே அதன் நெருங்கிய உறவான வெள்ளிநீலப் பட்டாம்பூச்சியை விட்டார்கள். பூவுக்கும் எறும்புக்கும் செர்சஸ் செய்த வேலையை இது செய்யக்கூடும். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் செர்சஸ் திரும்பிவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாது.

இப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பது ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவை. 1918இல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டியபோது இறங்கிய எலிகள், சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கறுப்புக் குச்சிப்பூச்சியை இரண்டே ஆண்டில் ஒழித்தன. 2001இல், பக்கத்தில் கடலிலிருந்து எழும் பால்ஸ் பிரமிட் பாறையில், ஒரு புதரை ஒட்டி 24 பூச்சிகளைக் கண்டார்கள். 2003இல் இரண்டு ஜோடிகளை மட்டும் எடுத்து வந்தார்கள். ஒரு ஜோடி சீக்கிரமே இறந்தது. மெல்போர்ன் மிருகக்காட்சிசாலைக்குப் போன ஜோடியில் பெண் நோயில் விழுந்து சுருண்டது. ஊழியர் ஒருவர் சர்க்கரையும் கால்சியமும் கலந்த திரவத்தை அதன் வாயில் துளித்துளியாக விட்டுப் பிழைக்க வைத்தார். அதன் சந்ததி இன்று ஆயிரக்கணக்கில். பழைய அருங்காட்சியக மாதிரிகளோடு மரபணுவை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே இனம்தான் என்று 2017இல் உறுதிசெய்தார்கள். 2019இல் தீவு முழுக்க நச்சு இரை வைத்து எலிகளை ஒழித்தார்கள். 2021இல் சில எலிகள் மறுபடி தென்பட, தேடித்தேடி அழித்தார்கள்.

காரணம் தெரியும், இனம் உறுதி, வளர்ப்பில் எண்ணிக்கை உண்டு. இவ்வளவு தெளிவான வழக்கு பூச்சிகளில் அபூர்வம், அதனால் திருப்பி விட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பல ஆண்டுகள் ஓர் எலிகூட இல்லை என்று உறுதியான பிறகு, முதலில் ஒரு சிறு பகுதியில், இரவில் போய் எண்ணிப் பார்க்க ஆட்களை ஏற்பாடு செய்துகொண்டு விட வேண்டும். பால்ஸ் பிரமிட் பாறையில் இருப்பவற்றைத் தொடவே கூடாது.