நைட்ரோ எஞ்சின்: சொல்லின் வேரும் தமிழ்ப் பெயரும்

தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரிமோட் ரேஸ் கார் ஓட்டுகிறவர்கள் 'நைட்ரோ' என்ற சொல்லை ஒரே பொருளில்தான் சொல்கிறார்கள். கேட்கிறவர்கள்தான் குழம்புகிறார்கள். டயர் கடையில் நிரப்பும் நைட்ரஜன் காற்று என்று ஒருவர் நினைப்பார். பெரிய கார்களில் சிலிண்டர் வைத்து எஞ்சினுக்குள் விடும் நைட்ரஸ் ஆக்சைடு என்று இன்னொருவர் நினைப்பார். இரண்டும் இல்லை. இங்கே நைட்ரோ என்பது நைட்ரோமெத்தேன் என்ற திரவம். மெத்தனாலும் எண்ணெயும் இந்தத் திரவமும் கலந்த எரிபொருளில், ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஓடும் குட்டி டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 'நைட்ரோ எஞ்சின்' என்று பெயர் நிலைத்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு அளவுப் பந்தயக் காரில் அது 3.5 சிசி, பத்தில் ஒரு பங்கு அளவில் பெரும்பாலும் 2.1 சிசி. பிஸ்டன் கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. ஆனால் முழு திராட்டிலில் நிமிடத்துக்கு 30,000 சுற்றைத் தாண்டும்.

சொல்லின் வேர் எகிப்தில் இருக்கிறது. அங்கே வற்றிய ஏரிப் படுகைகளில் வெள்ளையாகப் பூத்த சோடா உப்பைச் சுரண்டி எடுத்தார்கள். துணி வெளுக்கவும் உடலைப் பதப்படுத்தவும் அது பயன்பட்டது. நம் ஊர் உவர்மண் செய்த வேலையைத்தான் அதுவும் செய்தது. கிரேக்கர் அதை நித்ரான் என்றார்கள், லத்தீனில் நித்ரம் ஆயிற்று, அரபியில் நத்ரூன். சோடியத்துக்கு வேதியியல் குறியீடு 'என்ஏ' என்று இருப்பதும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். பிறகு ஐரோப்பாவில் இதே பெயர் வேறொரு உப்புக்கு இடம் மாறியது. அது வெடிமருந்தில் சேரும் பொட்டாசியம் நைட்ரேட், நம் வெடியுப்பு. அந்த உப்பைப் பிறப்பிக்கும் வாயு என்ற பொருளில் 1790-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷாப்டால் 'நைட்ரஜன்' என்று பெயரிட்டார். ஆக, வெளுக்கிற உப்பின் பெயர் வெடிக்கிற உப்புக்கும், அதிலிருந்து காற்றில் பெரும்பங்கு இருக்கிற வாயுவுக்கும் போய்ச் சேர்ந்தது. நைட்ரோமெத்தேனை ஹெர்மன் கோல்பே 1872-ல் தயாரித்தார்.

தமிழில் அந்த வாயுவுக்கு ஒரே பெயர் இல்லை. பாடநூலில் நைட்ரஜன், இலங்கையில் நைதரசன், உர மூட்டையில் தழைச்சத்து. ஆனால் நைட்ரோவைப் புரிந்துகொள்ளத் தழைச்சத்து உதவாது, வெடியுப்புதான் உதவும். மலையாளத்திலும் அதற்கு வெடியுப்பு என்றே பெயர். பாலக்காட்டுப் பக்கம் நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழாவில் வெடிக்கெட்டு (வாணவேடிக்கை) பார்த்தவர்களுக்கு அதன் வேலை தெரியும். கருமருந்தில் 100-க்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். அந்த 75 பங்கு உப்பு தானாக எரிவதில்லை. கரிக்கும் கந்தகத்துக்கும் வேண்டிய ஆக்சிஜனை அது உள்ளேயே சுமந்து வருகிறது. அதனால்தான் காற்றுப் புகாத குழாய்க்குள்ளும் மருந்து எரிகிறது.

நைட்ரோமெத்தேனும் அப்படித்தான். அதன் எடையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 52 சதவீதம், ஆக்சிஜன். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.5 கிலோ போதும். நைட்ரோமெத்தேனுக்கு 1.7 கிலோ. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோல் தரும் வெப்பத்தில் கால் பங்குதான் இது தரும். ஆனால் எஞ்சின் இழுக்கிற காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அதே காற்றில் பெட்ரோலைவிடப் பல மடங்கு நைட்ரோமெத்தேனை எரிக்க முடிவதால், கூட்டிப் பார்த்தால் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. மண்ணெண்ணெய்போல 'காரமான' எரிபொருள் என்று இதைச் சொல்வது தவறு. காற்றைச் சேர்த்துச் சுமக்கும் எரிபொருள் என்பதே சரி.

இப்போது எரிபொருள் டப்பாவைப் பார்ப்போம். பந்தய எரிபொருளில் நைட்ரோ 16 முதல் 30 சதவீதம், எண்ணெய் 8 முதல் 12 சதவீதம் (பழகுகிறவர்களுக்கான கலவையில் எண்ணெய் 16, 18 வரை போகும்), மீதி மெத்தனால். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ன் 1148-ஆம் ஒழுங்குமுறையில், வெடிமருந்து மூலப்பொருள் என்பதால் பொதுமக்கள் கையில் நைட்ரோமெத்தேன் 16 சதவீதத்துக்கு மேல் தாராளமாகப் போகக் கூடாது என்று வரம்பு வைத்தது. 16 சதவீத டப்பாக்கள் இவ்வளவு பரவியதற்கு அந்த வரம்பு ஒரு பெரிய காரணம். நைட்ரோ துளிகூட இல்லாமலும் இந்த எஞ்சின் ஓடும். கம்பியில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் மாதிரி விமானங்களின் சர்வதேசப் பந்தயத்தில் வேகப் பிரிவுக்கு விதிக்கப்பட்ட எரிபொருள் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு ஆமணக்கு எண்ணெய், அவ்வளவுதான். ஆகவே நைட்ரோ என்பது இந்த எஞ்சினின் அடையாளம் அல்ல, அதில் சேர்க்கப்படும் ஒரு கூட்டுப்பொருள். பெயரை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

அந்த இடம் சிலிண்டர் தலையில் திருகியிருக்கும் க்ளோ பிளக். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் நுனிக் குழிக்குள் முடியைவிடச் சற்றுத் தடித்த ஒரு சுருள் கம்பி தெரியும். அது பிளாட்டினக் கலப்புக் கம்பி. 1.5 வோல்ட் கிளிப்பை மாட்டினால் ஆரஞ்சு நிறத்தில் கனன்று நிற்கும். எஞ்சின் பிடித்ததும் கிளிப்பை எடுத்துவிடலாம். மின்சாரம் நின்ற பிறகும் கம்பி அணைவதில்லை. பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் ஆவி பட்டதும் வேதிவினை நடந்து வெப்பம் பிறக்கிறது. ஒவ்வொரு சுற்றின் எரிப்பும் அதற்குக் கை கொடுக்கிறது. சூடான பிளாட்டினக் கம்பி எரிவாவியில் சுடரில்லாமல் கனல்வதை ஹம்ஃப்ரி டேவி 1817-லேயே காட்டினார். அதை மாதிரி விமான எஞ்சினுக்கான பிளக் ஆக்கியவர் அமெரிக்கரான ரே ஆர்டன், 1947-ல். டீசல் வண்டியில் நம் மெக்கானிக்குகள் 'ஹீட்டர் பிளக்' என்று சொல்வதும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அது வெறும் சூடேற்றி. அதில் பிளாட்டினத்தின் இந்த வேதிவேலை இல்லை.

எனவே தமிழ்ப் பெயர் இந்தக் கனலிலிருந்து பிறக்க வேண்டும். 'தணல்செருகி' என்று வைக்கலாம் என்று முதலில் தோன்றும். தணல் நல்ல சொல், சுடரில்லாத நெருப்பு. ஆனால் பாலக்காட்டில் தணல் என்றால் நிழல். வெயிலில் நிற்கிறவரைத் 'தணலில் வந்து நில்' என்று கூப்பிடும் ஊரில் அந்தப் பெயர் எடுபடாது. கனல் என்ற சொல்லுக்கு இரு மொழியிலும் ஒரே பொருள். ஸ்பார்க் பிளக்கைப் பொறிச்செருகி என்கிறோம். அதற்கு இணையாகக் க்ளோ பிளக் கனல்செருகி ஆகட்டும். எஞ்சினுக்குக் 'கனற்பொறி' என்று பெயர் வைப்பதும் சரிப்படாது. பொறி என்றால் இயந்திரம், பொறி என்றால் தீப்பொறியும்கூட. பொறியே இல்லாமல் ஓடுகிற எஞ்சினுக்குப் பொறி ஒட்டிய பெயர் வைத்தால் படிக்கிறவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். கனல் எஞ்சின் போதும். எஞ்சின் தமிழில் வேரூன்றிய சொல்தான்.

தீப்பொறி இல்லாததால் எரியும் நேரத்தைத் தள்ளி வைக்கவோ முந்தி வைக்கவோ தனிச் சாவி கிடையாது. கம்பியின் சூடு, கலவையில் எரிபொருளின் அளவு, அழுத்தம் மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. நைட்ரோ சதவீதம் கூடினால் எரிப்பு முந்திவிடும். அப்போது குளிர் ரகக் கனல்செருகி போட வேண்டும். மார்கழிக் குளிரிலும் குறைந்த நைட்ரோவிலும் சூடு ரகம். கழற்றிய கம்பி ஈரமாகப் பளபளத்தால் கலவையில் எரிபொருள் அதிகம். கம்பி மட்டும் லேசாகச் சாம்பல் பூத்து, சுற்றுவட்டம் ஈரமாக இருந்தால் சரி. கம்பி நெளிந்தோ சுருள் ஒன்றோடொன்று ஒட்டியோ இருந்தால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். அல்லது கான்ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) புஷ் தேய்ந்து உதிர்ந்த உலோகத்தூள் கம்பியில் அடித்திருக்கிறது.

இங்கேதான் ரிச் (எரிபொருள் அதிகம்), லீன் (எரிபொருள் குறைவு) என்ற இரண்டு சொற்களும் வருகின்றன. செறிந்த கலவை, மெலிந்த கலவை என்று அகராதி வழியில் பெயர்க்கலாம். ஈரக் கலவை, வறண்ட கலவை என்பது இதைவிடப் பொருத்தம். ஏனென்றால் இந்த எஞ்சினுக்குத் தனி எண்ணெய் இல்லை, எரிபொருளோடு வருவதே மசகு. எரிபொருள் குறைந்தால் பேரிங்கும் சிலிண்டரும் உண்மையாகவே வறண்டுபோகின்றன. ஈரமாக ஓடினால் புகை தடித்து, வேகம் எடுக்கத் தயங்கும். கெடுதல் அதோடு முடிந்தது. வறண்டு ஓடினால் ஒரே டேங்கில் எஞ்சின் போய்விடும். சந்தேகம் வந்தால் ஈரத்தின் பக்கம் நில்லுங்கள்.

எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளே கார்புரேட்டர் ஊசிகள்: பெரிய ஊசி அதிவேகத்துக்கு, சிறிய ஊசி ஐடிலுக்கு (கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை). வலப்பக்கம் திருகினால் வறளும், இடப்பக்கம் திருகினால் ஈரமாகும். ஒரு தடவைக்குக் கடிகாரத்தில் ஒரு மணி அளவு, அதாவது பன்னிரண்டில் ஒரு சுற்றுதான் திருக வேண்டும். பெரிய ஊசியை முதலில் சரிசெய்யுங்கள்: முழு வேகத்தில் மெல்லிய நீலவெண் புகைக்கோடு விடாமல் வர வேண்டும், கனல்செருகி ஓரத்தில் தலைச்சூடு 100 முதல் 120 டிகிரி செல்சியஸ். பிறகு ஐடிலில் கார்புரேட்டருக்கு அருகே எரிபொருள் குழாயை விரலால் நெரியுங்கள். சத்தம் சிறிது ஏறி 3 விநாடிபோல் கழித்து அணைந்தால் சின்ன ஊசி சரி. நெரித்தவுடன் அணைந்தால் வறட்சி. ஐந்தாறு விநாடி தள்ளாடிக்கொண்டே ஓடினால் ஈரம் மிகுதி. ஊசி எங்கே இருந்தாலும் ஐடில் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினால் ஊசியைத் தொடாதீர்கள். எங்கோ வெளிக்காற்று புகுகிறது. கார்புரேட்டர் கழுத்து ஓ-ரிங், பின்தகடு, முன்பேரிங், குழாயின் ஊசிமுனை ஓட்டை என்ற வரிசையில் தேடுங்கள். குழாயில் குமிழி ஓடினால் டேங்க் பக்கம் பாருங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு இதில் ஒரு தனிப் பாடம் உண்டு. ஆனி ஆடிக் காற்று எஞ்சின் தலையின் துடுப்புகளை விசிறிக் குளிர்விக்கும். சூடு 95 என்று காட்டும்போதே உள்ளே கலவை வறண்டிருக்கலாம். வெப்பமானியை மட்டும் நம்பி ஊசியை மூடுகிறவர்கள் அந்த மாதங்களில்தான் பிஸ்டனை இழக்கிறார்கள். புகையையும் கம்பியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடிப்பதால் அதே ஊசியில் கலவை ஈரமாகும், சற்று மூடலாம். பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போனால் உயரம் பல நூறு மீட்டர் கூடுகிறது, காற்று மெலிகிறது. அங்கும் மூட வேண்டும். இறங்கி வந்ததும் மறக்காமல் திறக்க வேண்டும். மறந்தால் முதல் நேர்ச்சாலையிலேயே எஞ்சின் இறுகும். பொள்ளாச்சிப் பக்கத் தேங்காய் நார்க் களங்களின் தூள் இன்னொரு எதிரி. நார்த்தூள் லேசானது, ஸ்பாஞ்சு ஃபில்டரில் எண்ணெய் காய்ந்த இடமாகப் பார்த்து நுழையும். மூன்று டேங்குக்கு ஒருமுறை ஸ்பாஞ்சை மாற்றுங்கள். புதியதை ஃபில்டர் எண்ணெயில் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்து போடுங்கள்.

புது எஞ்சினைப் பிரேக்-இன் செய்வது என்பதற்குப் 'பழக்குதல்' என்ற சொல் இருக்கிறது. காளையை நுகத்தில் பழக்குவதுபோல. சிலிண்டர் உறை மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும். புது எஞ்சினில் பிஸ்டன் உச்சியில் கவ்வி நிற்பது பழுதல்ல. சூடேறி உறை விரிந்த பிறகுதான் அளவு பொருந்தும். அதனால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஹேர் டிரையரால் தலையை 80, 90 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஈரக் கலவையில், 95 டிகிரி அளவில் ஒரு டேங்க் ஓட்டி, பிஸ்டனைக் கீழ்முனைக்குக் கொண்டுவந்து 15 நிமிடம் ஆறவிடுங்கள். கீழ்முனை எது என்று ஃப்ளைவீலில் மார்க்கர் புள்ளி வைத்துக்கொண்டால் தேட வேண்டாம். உச்சியில் நிறுத்தி ஆறவிட்டால் உறை பிஸ்டனை நெரித்தபடியே சுருங்கி, அந்தக் கவ்வல் நிரந்தரமாகத் தளர்ந்துவிடும். ஆறு முதல் எட்டு டேங்க் இப்படி. ஸ்டார்ட்டர் சுழலாமல் முட்டினால் உள்ளே எரிபொருள் நிறைந்திருக்கிறது. கனல்செருகியைக் கழற்றி, காரைக் கவிழ்த்துச் சுழற்றி, வெளியேற்றுங்கள். பலவந்தமாகச் சுழற்றினால் கான்ராடு வளையும். நன்றாகப் பராமரித்தாலும் 8 முதல் 12 லிட்டர் எரிந்ததும் கான்ராடை மாற்றிவிடுவது நல்லது.

எரிபொருளில் சேரும் எண்ணெய் பழைய நண்பர்தான், ஆமணக்கு. மெத்தனாலில் கரையும், பெட்ரோலில் சரியாகக் கரையாது. கடும் சூட்டிலும் படலம் அறுந்துபோகாது. அதற்காக வீட்டு விளக்கெண்ணெயை ஊற்றக் கூடாது. கொதிக்க வைத்து எடுத்த எண்ணெயில் நீரும் பசையும் தங்கியிருக்கும்.

மெத்தனால் மரச்சாராயம், நஞ்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதுதான். தோல் வழியாகவும் உடலில் ஏறும். பகல் வெயிலில் இதன் தீ கண்ணுக்குத் தெரியாது. கையுறை போட்டு, திறந்த வெளியில் ஊற்றுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

நைட்ரோ எரிந்த மிச்சத்தில் நைட்ரிக் அமிலத்தின் சுவடு இருக்கும். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கேரள மழைக்கு ஒரே வாரத்தில் பேரிங் பழுப்பேறிவிடும். நாள் முடிவில் டேங்கைக் காலி செய்து, குழாயில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஐடிலில் விடுங்கள். கனல்செருகி துளையிலும் கார்புரேட்டர் வாயிலும் ஐந்தாறு சொட்டு ஆஃப்டர்-ரன் எண்ணெய் (ஓட்டி முடித்த பிறகு துரு பிடிக்காமல் விடும் எண்ணெய்) விட்டு, பத்து விநாடி ஸ்டார்ட்டரில் சுழற்றி, பிஸ்டனைக் கீழ்முனைப் புள்ளியில் நிறுத்துங்கள். எரிபொருள் டப்பாவின் மூடியை இறுக்கி வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்; பாதிக்கும் கீழே இறங்கி ஒரு மழைக்காலம் தாண்டிய டப்பாவைப் பந்தயத்துக்கு எடுக்காதீர்கள்.