கி-க்கு இரண்டு கட்டம், கீ-க்கு ஒரு கட்டம்

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அவரும் தோழிகளும் அவரவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்து, தினமும் காலையில் அளவு எடுக்கிறார்கள். அந்த அளவுகளை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து, பைத்தானில் சின்ன நிரல் ஒன்று எழுதி, டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் கறுப்புச் சன்னலில், அட்டவணையாக வரவழைத்திருக்கிறார். இடப்பக்கம் ஊர்ப்பெயர், வலப்பக்கம் மில்லிமீட்டர். பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவரை எண்கள் நூல் பிடித்தாற்போல நின்றன. தமிழில் எழுதியதும் கோணல்மாணலாகிவிட்டன.

"எழுத்துருவை எட்டுத் தடவை மாற்றிவிட்டேன். சீனியர் ஒருவர் கொடுத்த எக்ஸ்ரிசோர்சஸ் என்ற அமைப்புக் கோப்பையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எந்த எழுத்துரு போட்டால் சரியாகும்?" என்று கேட்கிறார்.

கூடவே திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. கோணல் என்று அவர் சொல்வதில் ஓர் ஒழுங்கு இருந்தது. அடையாறுக்கு நேரே உள்ள எண் சரியான இடத்தில் நின்றது. பெரம்பூர், மயிலாப்பூர் இரண்டுக்கும் எண் இரண்டு கட்டம் இடப்பக்கமாக நகர்ந்திருந்தது. சேத்துப்பட்டுக்கு மூன்று கட்டம். நுங்கம்பாக்கத்துக்கு நான்கு. இப்போது அந்தப் பெயர்களில் உள்ள புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். அடையாறில் புள்ளியே இல்லை. பெரம்பூரில் இரண்டு, மயிலாப்பூரில் இரண்டு, சேத்துப்பட்டில் மூன்று, நுங்கம்பாக்கத்தில் நான்கு. ஒரு புள்ளிக்கு ஒரு கட்டம்!

மீனம்பாக்கம் மட்டும் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. அதில் புள்ளி மூன்றுதான். எண்ணோ நான்கு கட்டம் நகர்ந்திருக்கிறது. அந்த ஒரு கட்டம் எங்கே போயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டெர்மினல் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். திரை வருவதற்கு முன்னால் கணினியோடு பேச டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம் இருந்தது. லினக்ஸில் டெர்மினலுக்கு இன்றும் 'டிடிஒய்' என்று பெயர் வருவது அதிலிருந்துதான். அப்புறம் திரை வைத்த டெர்மினல்கள் வந்தன. 1978-இல் வந்த விடி100 அவற்றில் பேர் போனது. குறுக்கே 80 எழுத்து, நெடுக 24 வரி. அந்த 80 என்ற எண், 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் இருந்த 80 பத்திகளின் வழியில் வந்தது. 1984-இல் எழுதப்பட்ட எக்ஸ்டெர்ம் என்ற நிரல் அந்த விடி100-ஐப் போலவே நடந்துகொள்கிறது. நீங்கள் திறக்கும் கறுப்புச் சன்னல், உண்மையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டின் ஒரு பக்கம். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. எல்லாக் கட்டமும் ஒரே அகலம்.

சரி, சீனியரின் கோப்பு ஏன் வேலை செய்யவில்லை? லினக்ஸில் சன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பில் நிரல்களின் விருப்பங்களை 'ரிசோர்ஸ்' என்பார்கள். எழுத்துரு, அதன் அளவு, நிறம், மேலே ஓடிப்போன வரிகளில் எத்தனையை நினைவில் வைப்பது என எல்லாமே ரிசோர்ஸ்தான். ஆனால் கோப்பை வீட்டு அடைவில் வைத்தால் மட்டும் போதாது. எக்ஸ்ஆர்டிபி என்ற கட்டளை அதைப் படித்து எக்ஸ் சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும். சர்வர் அதைத் தன் வேர்ச் சன்னலில், அதாவது எல்லாச் சன்னலுக்கும் அடியில் கிடக்கும் சன்னலில், ஒரு குறிப்பாக மாட்டி வைத்துக்கொள்கிறது. எக்ஸ்டெர்ம் அந்தக் குறிப்பைத் தான் பிறக்கும்போது ஒரே ஒரு முறை படிக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் சன்னல் எதற்கும் மாறாது. கட்டளையைக் கொடுத்துவிட்டுப் புதுச் சன்னல் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

அந்தக் கோப்பில் நட்சத்திரமும் புள்ளியும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நிரலின் பெயருக்கும் ரிசோர்ஸின் பெயருக்கும் நடுவே புள்ளி வைத்தால் அடுத்த படியில் இருப்பதற்கு மட்டும் பொருந்தும். நட்சத்திரம் வைத்தால் இடையில் எத்தனை படி இருந்தாலும் பொருந்தும். ஒரே விஷயத்தை இரண்டு வரிகள் இருவிதமாகச் சொன்னால், குறிப்பாகச் சொல்லும் வரிதான் ஜெயிக்கும். கோப்பில் எது மேலே, எது கீழே என்பதற்கு அங்கே மதிப்பில்லை. இது தெரியாமல் கோப்பின் கடைசியில் வரிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் நிறைய. என்ன செய்யும் என்று தெரியாத வரியை யாரோ சொன்னார்கள் என்பதற்காக ஒட்டி வைப்பதும், தாயத்து கட்டிக்கொள்வதும் எனக்கு ஒன்றுதான். எக்ஸ்டெர்மின் கையேடு ஒவ்வொரு ரிசோர்ஸையும் விளக்குகிறது. ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் அந்தத் தாயத்துகள் தாமாகவே உதிரும்.

எழுத்துருவால் சரியாகும் விஷயங்களும் உண்டு. டெர்மினலுக்கென்று செய்த சம அகல எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. அப்போது கணினி வேறொரு தமிழ் எழுத்துருவைத் தேடி எடுத்து, அதை ஆங்கில எழுத்தின் அகலத்துக்கு வெட்டிய கட்டத்தில் உட்கார வைக்கிறது. 'ண' போன்ற அகலமான எழுத்து பக்கத்துக் கட்டத்தில் கால் நீட்டிவிடும். 'கூ'வின் அடிப்பகுதி வெட்டுப்படும். எக்ஸ்டெர்மில் ஸ்கேல்ஹைட் என்ற ரிசோர்ஸை 1.2 என்று வைத்தால் வரிகளுக்கு நடுவே கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். எழுத்தளவைச் சொல்லும் ஃபேஸ்சைஸை இரண்டு பாயின்ட் கூட்டினால் கண்ணுக்கும் நல்லது. ஆனால் எண்கள் நகர்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எட்டு எழுத்துரு மாற்றினாலும் எண்பது மாற்றினாலும் மீனம்பாக்கத்தின் எண் அதே இடத்தில்தான் நிற்கும்.

காரணம், எண்ணிக்கை. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். எக்ஸ்டெர்ம் திரையிலோ அது நான்கு கட்டம். ஒரே சொல்லுக்கு 3, 5, 15, 4 என்று நான்கு நீளங்கள்! மாணவியின் பைத்தான் நிரல் குறியீடுகளை எண்ணி, மிச்சத்துக்கு வெற்றிடம் போட்டு, 20 வரை நிரப்புகிறது. டெர்மினல் கட்டங்களை எண்ணுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நகர்வு.

நான்கு கட்டம் எப்படி வந்தது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ஒரு குறியீடு எத்தனை கட்டம் எடுக்கும் என்று சொல்ல டபிள்யூசிவிட்த் என்ற சின்னச் செயற்கூறு இருக்கிறது. சாதாரண எழுத்துக்கு ஒன்று, சீன எழுத்துக்கு இரண்டு, இன்னோர் எழுத்தின் மேல் ஏறி உட்காரும் குறிக்குப் பூஜ்யம். எது ஏறி உட்காரும் குறி என்பதை அது யூனிகோடின் வகைப்பாட்டைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த வகைப்பாட்டில் உயிர்மெய்க் குறிகள் இரண்டு கூடைகளில் கிடக்கின்றன. இடம் எடுக்கும் குறி, இடம் எடுக்காத குறி. தமிழில் புள்ளி, இடம் எடுக்காத கூடையில் இருக்கிறது. சரிதான், அது எழுத்தின் தலையில்தான் நிற்கிறது. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாம் இடம் எடுக்கும் கூடையில். அதுவும் சரி. இகரக் குறியும் இடம் எடுக்கும் கூடையில்தான் இருக்கிறது. ஈகாரக் குறி மட்டும், தலைக்கு மேலே சுழிக்கிறது என்பதால், புள்ளியோடு சேர்ந்து இடம் எடுக்காத கூடைக்குப் போய்விட்டது.

விளைவைப் பாருங்கள். 'கி' என்று எழுதினால் இரண்டு கட்டம். 'கீ' என்று எழுதினால் ஒரே கட்டம். நம் இலக்கணத்தில் கி குறில், ஒரு மாத்திரை. கீ நெடில், இரண்டு மாத்திரை. கணினி அதை அப்படியே தலைகீழாகப் போட்டிருக்கிறது! நீங்களே சோதிக்கலாம். ஒரு வரியில் கிகிகிகி என்று எழுதி ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அடுத்த வரியில் கீகீகீகீ என்று எழுதி ஒரு கோடு. முதல் கோடு ஒன்பதாவது கட்டத்தில் நிற்கும், இரண்டாவது கோடு ஐந்தாவது கட்டத்தில்.

மீனம்பாக்கத்தின் தொலைந்த கட்டம் 'மீ'யில் இருந்தது. மூன்று புள்ளி, ஓர் ஈகாரம், ஆக நான்கு.

அகலத்தைப் பற்றி நிரலும் டெர்மினலும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை என்பதும் இதில் உண்டு. நிரல் பைட்டுகளை அனுப்புகிறது, டெர்மினல் வரைகிறது. ஒரு சொல் எத்தனை கட்டம் பிடித்தது என்று தானாகத் திரும்பத் தகவல் வராது. அதனால் இருவரும் தனித்தனியே எண்ணிக்கொள்கிறார்கள். மிருதங்கக்காரரையும் கடக்காரரையும் இரண்டு அறையில் பூட்டி, ஒருவர் காதில் ஒருவர் விழாமல் ஆதி தாளம் போடச் சொன்னால் எப்படி? இருவரும் எட்டு எண்ணும்வரை பிரச்சினை இல்லை. ஒருவர் ஏழில் திரும்பினால் அதற்குப் பிறகு எல்லாமே பிசகுதான். தமிழில் கட்டளை தட்டும்போது கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் போய் நிற்பது இதனால்தான்.

எக்ஸ்டெர்மை எழுதியவர்கள் இந்த ஆபத்தை உணர்ந்திருக்கிறார்கள். அதற்குள் ஓர் அகல அட்டவணை உண்டு. இயங்குதளத்திடமும் ஒன்று உண்டு. எதை நம்புவது? சன்னல் திறக்கும் அந்த நொடியில் எக்ஸ்டெர்ம் முதல் 65,536 குறியீடுகளுக்கு இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 655 இடங்கள் வரை வேறுபட்டால் பொறுத்துக்கொண்டு இயங்குதளத்தின் அட்டவணையை ஏற்கிறது. அதற்கு மேல் போனால் தன் சொந்த அட்டவணைக்குத் திரும்புகிறது. இந்த இரண்டு எண்களும் ரிசோர்ஸ்தான், மாற்றிக்கொள்ளலாம். நூற்றுக்கு ஒன்று வரை மன்னிக்கலாம் என்று யாரோ யோசித்து வைத்திருக்கும் அந்த அளவை நினைத்தால் எனக்கு அந்த நிரல்மேல் மரியாதை கூடுகிறது.

தமிழ்த் தட்டச்சுப் பொறியும் கட்டங்களில் ஓடிய இயந்திரம்தான். அதில் புள்ளிக்கு 'நகரா விசை' இருந்தது. புள்ளியைத் தட்டினால் உருளை நகராது. அடுத்து எழுத்தைத் தட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் விழும். அகலம் பூஜ்யம் என்ற கருத்தை இரும்பில் செய்து வைத்திருந்தார்கள். மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனவர்களுக்கு விரலிலேயே தெரியும்.

எக்ஸ்டெர்ம் இன்னொன்றையும் செய்வதில்லை. 'கெ' என்பதில் க முதலில் சேமிக்கப்படுகிறது, கொம்பு அடுத்து. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற, எழுத்துகளை இடம் பார்த்து அடுக்கும் நிரல் நூலகம் வேண்டும். எக்ஸ்டெர்மில் அது இல்லாததால் கொம்பு பின்னால் நிற்கும். அந்தக் குறைக்கு எம்எல்டெர்ம் போன்ற பன்மொழி டெர்மினலுக்கு மாறுவதே வழி. ஆனால் அகலத் தகராறு எல்லா டெர்மினலிலும் ஏதோ ஓர் அளவில் தொடர்கிறது. பைத்தானில் டபிள்யூசிவிட்த் என்றே பெயர் கொண்ட ஒரு நூலகத்தின் சில பதிப்புகள் எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பூஜ்யம் என்கின்றன. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது, 'மி' ஓர் எழுத்துத்தானே. ஆனால் டெர்மினல் பழைய கணக்கில் இருக்கும்போது நிரல் மட்டும் புதுக் கணக்குக்கு மாறினால் மறுபடி பிசகுகிறது. 2027 என்ற எண்ணுள்ள ஒரு முறையைச் சில புதிய டெர்மினல்கள் ஏற்றிருக்கின்றன. அதில் 'இனி முழு எழுத்தாக எண்ணுவோமா' என்று நிரல் கேட்கலாம், டெர்மினல் பதில் சொல்லும். இரண்டு அறைக்கும் நடுவே கடைசியில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் ஏற்றது. அதில் 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு. 'மி'யும் 'மீ'யும் ஒரே மாதிரி எண்ணப்படும் என்பதால் கட்டக் கணக்கு எளிது. ஆனால் உலகமே யூனிகோடில் எழுதும்போது நாம் மட்டும் தனித் தெருவில் குடியிருக்க முடியாது என்பது என் கருத்து. அதைவிட, இந்த அகல அட்டவணைகளைச் சரிசெய்ய இரண்டு பொறியாளர்களுக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் கொடுக்கலாம். எக்ஸ்டெர்மை 1996-லிருந்து தாமஸ் டிக்கி என்ற ஒருவர் பராமரித்துவருகிறார். தமிழ்க் கணிமைக்கு மாநாடு நடத்தப் பணம் கிடைக்கிறது. இப்படிப்பட்ட கருவிகளில் தமிழ் ஒழுங்காக நடக்கிறதா என்று தினமும் சோதிக்கும் வேலைக்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பெரம்பூர் மாணவிக்கு வருகிறேன். நிரலில் எதையும் எண்ணாதீர்கள். ஊர்ப்பெயரை அச்சிட்டதும் எஸ்கேப் எழுத்து, திறக்கும் சதுர அடைப்புக்குறி, 21, ஆங்கிலப் பெரிய ஜி, இந்த நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். 'இந்த வரியில் 21-ஆவது கட்டத்துக்குப் போ' என்று அதற்குப் பொருள். எண்ணும் வேலை முழுக்க டெர்மினலிடம் போய்விடுகிறது, அது குறியீட்டை எண்ணினாலும் எழுத்தை எண்ணினாலும் கவலையில்லை. நேற்று என் கணினியில் உங்கள் பட்டியலை இப்படி ஓட்டிப் பார்த்தேன். நுங்கம்பாக்கத்தின் மழையும் மீனம்பாக்கத்தின் மழையும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன.